வர இயலாதவர்களின் பட்டியல்

1

ஹான் காங்குக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தபின் நண்பர்கள் நாலைந்து பேர் ஓசூரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய குவாங்ஜு நாவலை நாங்கள் எல்லோருமே இங்கிலீஷில்தான் படித்திருந்தோம். பேச்சு நாவலைவிட்டு நகரத்துக்குப் போயிற்று. ஒருவர் கேட்டார்: "நம்மிடம் ஏன் ஒரு குவாங்ஜு நடக்கவில்லை? 1976இல் ஒரு மாநில அரசையே கலைத்தார்கள். ஆயிரக்கணக்கில் உள்ளே போட்டார்கள். ஒரு ஊராவது எழுந்து நின்றதா?"

இன்னொருவர் உடனே பதில் சொன்னார்: அங்கே ராணுவ ஆட்சி, இங்கே இல்லை, ஒப்பிடவே கூடாது. பதில் சரிதான். ஆனால் சுலபமான பதில். சுலபமான பதில்களைக் கேட்டு எழுந்து போவது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சாயங்காலத்தின் பாக்கி.

நான் உத்தனப்பள்ளிக்காரன். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிற ஊர். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1976இல் எனக்கு 14 வயது. பெரியப்பா சாமந்திப்பூ மூட்டையோடு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். வியாபாரம் முடிந்தால் மெஜஸ்டிக் பக்கம் ஒரு சினிமா. அதற்காகத்தான் நான் போவது. அந்தப் பக்கம் சுற்றும்போது ஒரு நீளமான மதில் வரும். ஒருநாள் கேட்டேன்.

"இது என்ன பெரியப்பா?"

"ஜெயிலுப்பா. பாத்துகிட்டு நிக்காத, வா."

வந்துவிட்டேன். என்ன சினிமா என்பது கூட இப்போது ஞாபகமில்லை. அந்த வருஷம் மே 2ஆம் தேதியிலிருந்து அந்த மதிலுக்குப் பின்னால் சினேகலதா ரெட்டி இருந்தார் என்பது எனக்குத் தெரியவர இன்னும் பல வருஷங்கள் ஆயின. அதற்கு முந்தின ஜூனில், பாராளுமன்றக் குழு வேலையாக பெங்களூர் வந்த வாஜ்பாயியையும் அத்வானியையும் மது தண்டவதேயையும் கைது செய்து அங்கேதான் வைத்தார்கள் என்பதும்.

2

குவாங்ஜுவில் நடந்ததைச் சுருக்கமாகவாவது சொல்லிக்கொள்ள வேண்டும்; நம்மில் பலருக்கு அது ஒரு பெயர் மட்டுமே.

1979 அக்டோபர் 26ஆம் தேதி, தென்கொரியாவை 18 வருஷங்கள் ஆண்ட பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக்கொன்றார். சர்வாதிகாரி போனால் சர்வாதிகாரமும் போகும் என்று ஜனங்கள் நம்பினார்கள். டிசம்பர் 12ஆம் தேதி சுன் டூ-ஹ்வான் என்ற ஜெனரல் ராணுவத்துக்குள் ஒரு புரட்சி செய்து பிடியைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 1980 மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங் கைதானார். அவர் தென்மேற்கே ஜொல்லா பகுதியைச் சேர்ந்தவர். பார்க் காலத்துத் தொழில் வளர்ச்சியில் ஒதுக்கப்பட்ட பகுதி அது. குவாங்ஜு அதன் முக்கிய நகரம்.

மறுநாள் காலை பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கூடினார்கள். பாராசூட் படை அவர்களைத் தடியால் அடித்துத் துரத்தியதோடு நிற்கவில்லை; தெருக்களில், பஸ்களில், வீடுகளுக்குள் புகுந்து கண்ணில் பட்ட இளைஞர்களையெல்லாம் அடித்தது. பயனெட்டும் உபயோகமாயிற்று. முதலில் இறந்தவராகப் பதிவாகியிருப்பவர் காது கேளாத ஒருவர். கோஷம் போட்டிருக்க முடியாதவர். அடிக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதே அவருக்குக் கேட்டிருக்காது.

அதன்பின் போராட்டம் மாணவர்களுடையதாக இல்லை. 20ஆம் தேதி சாயங்காலம் பஸ், லாரி, டாக்சி டிரைவர்கள் விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு வரிசையாக மாகாண அரசுக் கட்டிடத்தை நோக்கி வண்டிகளை ஓட்டி வந்தார்கள். நடப்பது எதையும் சொல்லாத டெலிவிஷன் நிலையம் அன்றிரவு எரிந்தது. உள்ளூர்த் தினசரி ஒன்றின் நிருபர்கள், கண்ணால் கண்டதில் ஒரு வரியைக் கூட அச்சில் ஏற்ற முடியாத வெட்கத்தில் பேனாவைக் கீழே வைக்கிறோம் என்று கூட்டாக ராஜினாமா எழுதினார்கள். 21ஆம் தேதி மத்தியானம் கூட்டத்தின்மேல் ராணுவம் சுட்டது. ஜனங்கள் சுற்றுப்புறப் போலீஸ் நிலையங்களிலிருந்து துப்பாக்கிகளை எடுத்து வந்தார்கள். அன்று சாயங்காலம் ராணுவம் நகரத்தைவிட்டுப் பின்வாங்கியது.

22இலிருந்து 26 வரை குவாங்ஜுவில் அரசாங்கம் இல்லை. இந்த ஐந்து நாட்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க்கெட்டுப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துத் தெருவில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. கடைகள் சூறையாடப்படவில்லை. தினமும் நீரூற்றுச் சதுக்கத்தில் கூட்டம். தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்திய ஒரு இரவுப் பள்ளிக்கூடத்தின் இளைஞர்கள் கையால் எழுதி உருட்டி எடுத்த செய்தித்தாள்தான் நகரத்துக்குப் பத்திரிகை. இதை ஒரு பொற்காலமாக்கிவிட நான் தயாரில்லை. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் பேசலாம் என்று ஒரு சாரார். இறந்தவர்களுக்குப் பதில் என்ன என்று இன்னொரு சாரார். பிளவு கடைசிவரை தீரவில்லை.

26ஆம் தேதி இரவு, ராணுவம் திரும்பி வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜெயிக்க முடியாது என்பதும் தெரியும். அந்த இரவுப் பள்ளியைச் சேர்ந்த யூன் சாங்-வோன், கட்டிடத்துக்குள் இருந்த பள்ளிச் சிறுவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். உயிரோடிருந்து நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவர் நியாயம். தானும் மற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். விடியற்காலையில் ஒரு பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் நகரம் முழுக்கச் சுற்றியது: படை வருகிறது, எங்களை மறக்காதீர்கள் என்று. விடிவதற்குள் முடிந்துவிட்டது. யூன் இறந்தவர்களில் ஒருவர். அரசுக் கணக்கிலேயே 160க்கு மேற்பட்ட சிவிலியன்கள் அந்தப் பத்து நாட்களில் செத்தார்கள். காணாமல் போனவர்கள் தனி.

ஜூன் 2ஆம் தேதி உள்ளூர்த் தினசரி மறுபடி வெளிவந்தபோது அதில் கிம் ஜுன்-டே என்ற கவிஞரின் ஒரு கவிதை அச்சாயிற்று. தணிக்கை அதிகாரி அதன் பெரும்பகுதியை வெட்டிவிட்டிருந்தார். மிச்சமிருந்த வரிகள் மட்டும் வந்தன. கவிதையில் சொல்லாமல் விடுவதைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இங்கே விட்டது கவிஞன் அல்ல.

3

இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம்.

இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு நடந்தது ராணுவப் புரட்சி அல்ல. ராஷ்டிரபதி கையெழுத்துப் போட்டார். அரசியல் சட்டத்தில் அதற்கு ஷரத்து இருந்தது. தெருவில் டாங்கி வரவில்லை. 1976 ஏப்ரல் 28ஆம் தேதி, அவசரநிலையில் ஒருவனைக் காரணமில்லாமல் அடைத்துவைத்தாலும் அவன் கோர்ட்டுக்கு வர முடியாது என்று உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிற்று. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். ஷா கமிஷன் பின்னால் கணக்கெடுத்தபோது 21 மாதங்களில் காவலில் வைக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல்.

தமிழ்நாட்டுக்கு அவசரநிலை இரண்டு பாகமாக வந்தது. முதல் ஏழு மாதம் இங்கே தி.மு.க. ஆட்சி. பத்திரிகைத் தணிக்கை உண்டு என்றாலும், அக்கட்சி அவசரநிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. வடக்கே தேடப்பட்டவர்கள் சிலர் இங்கே வந்து மூச்சுவிட முடிந்தது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு காற்று, ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வேறு காற்று. நாங்களோ, செக்போஸ்ட்டில் மூட்டையைத் தொட்டுப் பார்க்கிற ஆளைத் தவிர எல்லையில் வேறு வித்தியாசம் எதையும் கண்டதில்லை. 1976 ஜனவரி 31ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. காற்று ஒன்றாகிவிட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை ராத்திரியில் அடித்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவர், சென்னை மேயராக இருந்து எம்.பி.யும் ஆன சிட்டிபாபு. உடல் தேறாமல் 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறையில் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்தது. பெங்களூரில், ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பிடிக்க முடியாமல் அவர் தம்பி லாரன்ஸை மே 1ஆம் தேதி பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். மறுநாள் சினேகலதா ரெட்டி. 1970இல் வந்த 'சம்ஸ்காரா' படத்தில் சந்திரியாக நடித்தவர். சென்னையில் ஆங்கில நாடக மேடையில் இருந்தவர். கடுமையான ஆஸ்துமா. தனிக் கொட்டடி, தகுந்த வைத்தியம் கிடையாது. ராத்திரி அவருடைய அலறலைத் தன் அறையிலிருந்து கேட்டதாக மது தண்டவதே பின்னால் எழுதினார். எட்டு மாதம் கழித்து, இனி தேறமாட்டார் என்ற நிலையில் 1977 ஜனவரி 15ஆம் தேதி பரோலில் விட்டார்கள். 18ஆம் தேதி இந்திரா காந்தி தேர்தல் அறிவித்தார். 20ஆம் தேதி சினேகலதா இறந்தார். சிறையில் எழுதிய நாட்குறிப்பு அந்த வருஷமே புத்தகமாக வந்தது.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. குவாங்ஜுவில் அரசு தன் வன்முறையைப் பட்டப்பகலில், தாய்மார்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தெருவில் செய்தது. இங்கே மதிலுக்குப் பின்னால் செய்தது. அங்கேயும் பத்திரிகை இல்லை, டெலிவிஷன் பொய் சொல்லிற்று. ஆனால் ஜனங்களுக்குக் கண் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அடிபடுவதைப் பார்த்துவிட்டு டாக்சி டிரைவர் விளக்கைப் போட்டான். நாங்கள் மதிலைப் பார்த்துவிட்டு சினிமாவுக்குப் போனோம். ஒரு ஜனத்துக்குத் தைரியம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அரசு தன் காரியத்தை எங்கே வைத்துக்கொண்டது என்று பார்ப்பது நல்லது.

ஆனால் இதோடு விட்டால் அது எனக்கு நானே வழங்கிக்கொள்கிற மன்னிப்பு. நாங்கள் பார்க்காதது மட்டுமல்ல. பார்த்த வரையில் எங்களுக்குப் பிடித்தும் இருந்தது. பெரியப்பா அவசரநிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முகம் மலர்வார். தாலுகா ஆபீசில் குமாஸ்தா நேரத்துக்கு வந்தான். பஸ் நேரத்துக்கு வந்தது. 20 அம்சத் திட்டத்தில் கிராமக் கடன் நிவாரணம் இருந்தது. எங்கள் பக்கத்து வட்டிக்கடைக்காரர் ஒருவர் அடகுப் பித்தளைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இவையெல்லாம் பொய் அல்ல. அம்மாவின் குத்துவிளக்கு வீட்டுக்கு வந்த நாள் எனக்கு ஞாபகமிருக்கிறது. மதிலுக்குப் பின்னால் சினேகலதா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்ததும், எங்கள் வீட்டில் அந்த விளக்கு எரிந்ததும் ஒரே வருஷம். இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

1977 மார்ச்சில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. அதை இந்தியாவின் குவாங்ஜு என்று சொல்கிறவர்கள் உண்டு. தெற்கே? கர்நாடகத்தில் 28இல் 26 காங்கிரசுக்கு. ஆந்திரத்தில் 42இல் 41. தமிழ்நாட்டில் 39இல் 30க்கு மேல் அ.தி.மு.க.வும் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்டும் சேர்ந்த அணிக்கு, அதாவது அவசரநிலையை நடத்தியவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும். பெரியப்பாவும் அந்த அணிக்குத்தான் போட்டார். கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கே போல இங்கே தாக்கவில்லை, தி.மு.க.மேல் கோபமிருந்தது, எம்.ஜி.ஆர். இருந்தார் என்று காரணங்கள் அடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த ஓட்டு நம்முடையது. சிட்டிபாபுவின் சாவுக்குச் சண்டை போட்டோம் என்று நம் சரித்திரத்தில் எழுதிக்கொள்ளும்போது இதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுதுவதில்லை. தலைவர்கள் பட்ட பாடு நம்மிடம் மேடைப்பேச்சாகிவிட்டது. ஜனங்கள் இருந்த மௌனம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

எழுத்தாளர்களும் இதில் விலக்கல்ல. 1975 ஜூன் 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெற்றிடமாக விட்டது. நம் வட்டங்களில் அந்த 21 மாதமும் பெரும்பாலும் உருவமா உள்ளடக்கமா என்ற சண்டையே நடந்தது. சண்டை தவறில்லை. வெளியே உருவம், உள்ளடக்கம் இரண்டையும் வெட்டுகிற அதிகாரி ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பது அந்தச் சண்டைக்குள் வரவில்லை.

4

அந்த நாட்களின் தமிழில் அச்சான எழுத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எதுவென்று கேட்டால், ஒரு கவிதையையோ கதையையோ சொல்லமாட்டேன். 1976 பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். ஆட்சி கலைந்து மூன்றாவது நாள். யார் யார் கைதானார்கள் என்று பத்திரிகையில் போடத் தணிக்கை அனுமதிக்கவில்லை. முரசொலி ஒரு பட்டியல் போட்டது: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் இன்னார் இன்னார் என்று. கைது என்ற வார்த்தை இல்லை. சிறை இல்லை. வெறும் பெயர்கள். ஊர்களில் படித்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் எந்தக் கட்சியும் சேர்ந்தவனல்ல; அந்தக் கட்சியின் ஆட்சிகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. ஆனாலும் மதிலுக்குப் பின்னால் இருந்ததை ஒரு நாளாவது தெருவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பட்டியல்.

குவாங்ஜு பிறகு செய்ததும் இதைத்தான். தோற்ற நகரம் அது. அரசு அந்தப் பத்து நாட்களுக்குக் கலவரம் என்று பேர் வைத்தது; செத்தவர்களுக்குக் கலகக்காரர்கள் என்று பேர். இந்தப் பேரை நகரம் ஏற்றுக்கொள்ளவில்லை. தாய்மார்கள் மாங்வோல்-டாங் இடுகாட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஜெர்மன் காமிராக்காரர் ஹின்ஸ்பீட்டர் எடுத்து வெளியே கடத்திய படங்கள் மாணவர்களிடையே ரகசியமாகச் சுற்றின. 1985இல் நாள்வாரியாக நடந்ததைப் பதிவு செய்த புத்தகம் வந்தது, பறிமுதலாயிற்று, படிக்கப்பட்டது. 1987 ஜூனில் நாடு முழுவதும் எழுந்து நேரடித் தேர்தலை வாங்கியபோது அதற்குப் பின்னால் இந்த ஏழு வருஷப் பிடிவாதம் இருந்தது. 1996இல் சுன் கூண்டில் நின்று தண்டனை பெற்றார், மறுவருஷம் மன்னிக்கப்பட்டும்விட்டார். 2021இல் மன்னிப்புக் கேட்காமலே இறந்தார். நியாயம் முழுதாகக் கிடைக்கவில்லை. பேர் மட்டும் மாறியது. பேர் மாறியது சின்ன விஷயமல்ல என்பதை 2024 டிசம்பர் 3 இரவு நிரூபித்தது. ராஷ்டிரபதி யூன் சுக்-யோல் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். ஜனங்கள் சியோலில் பாராளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். குவாங்ஜுவை நினைத்து வந்தோம் என்றார்கள் பலர். சுவரேறிக் குதித்து உள்ளே போன உறுப்பினர்கள் 190 பேர் கூடி அதை ரத்து செய்யத் தீர்மானம் போட்டார்கள். ஆறு மணி நேரத்தில் ராணுவச் சட்டம் வாபஸ். 2025 ஏப்ரல் 4ஆம் தேதி யூனின் பதவியும் போயிற்று.

நமக்கும் வார்த்தைகள் வழங்கப்பட்டன. 'ஒழுங்கு' என்றார்கள், வாங்கிக்கொண்டோம். குவாங்ஜு எரிந்த அதே 1980இல், நாங்கள் அப்போது சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்திலும் வட ஆற்காட்டிலும் நக்சலைட்டுகள் என்று இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. 'மோதல்' என்றார்கள், அதையும் வாங்கிக்கொண்டோம். அப்போது தேர்ந்தெடுத்த ஆட்சிதான் இருந்தது, அவசரநிலை இல்லை. மதில் இல்லாமலே மறைக்க முடியும் என்று ஆகிவிட்டிருந்தது, வார்த்தையே மதிலாயிற்று.

5

சென்னை மத்திய சிறையை 2009இல் இடித்துவிட்டார்கள். பெங்களூர்ச் சிறையில் இருந்தவர்களை ஓசூர் சாலைப் பக்கம், பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றினார்கள். பழைய இடம் 2008இல் 'சுதந்திரப் பூங்கா' ஆயிற்று. கொட்டடிகளில் சிலவும் காவல் கோபுரமும் பார்வைக்கு இருக்கின்றன. 2021இல் வந்த போலீஸ் உத்தரவுப்படி பெங்களூர் நகரத்தில் போராட்டம் நடத்த வேண்டுமென்றால் இங்கேதான் நடத்த வேண்டும், வேறெங்கும் கூடாது. சிறையாக இருந்த இடத்தை எதிர்ப்புக்கு ஒதுக்கிக் கொடுத்ததில் வேண்டுமென்று செய்த கிண்டல் எதுவும் இருக்காது. நிர்வாகத்துக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

போன வருஷம் அங்கே போயிருந்தேன். ஒரு மூலையில் ஷாமியானா போட்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் மதிலுக்கு வெளியே கேட்கிறதா என்று பார்க்க, வந்த வழியே வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ட்ராபிக் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பையனாக நான் நடந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2023இல் எங்கள் ஊரில், உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து நிலங்களை இன்னொரு சிப்காட்டுக்கு எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் பந்தல் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். மதிலுக்குப் பின்னால் அல்ல, ரோட்டோரத்தில், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி. அதில் கிழவர்கள் பலர். 1977இல் ஓட்டுப் போட்ட வயசுக்காரர்கள். அவர்கள் ஜெயிப்பார்களா தோற்பார்களா என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. நண்பர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பதை மட்டும் சொல்ல வேண்டும்: ஒரு ஜனம் ஒரு தடவை மௌனமாக இருந்தது என்பதால் எப்போதும் மௌனமாகவே இருக்கும் என்று ஆகாது.

பெரியப்பா பந்தலுக்கு வரவில்லை. அவர் போய் இருபது வருஷமாகிறது. இருந்திருந்தால் வந்திருப்பார் என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லமாட்டேன். நிலம் அவருடையது, விளக்கும் அவருடையது. வர இயலாதவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் எழுதி வைக்கிறேன். அவரோடு சேர்ந்து மதிலைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்துபோன ஒரு பையனின் பெயரையும்.